சுங்கவரிச் சண்டையில் சுமை யார் தலையில்?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று கனடாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டீர்கள். "பகல் ஷிப்டு முடிந்து வந்திருக்கிறோம், நாற்று நட்டுவிட்டுக் கை கழுவி வந்திருக்கிறோம், பனி கொட்டுகிற அந்தத் தேசத்தின் கதை நமக்கு எதற்கு?" என்று நீங்கள் நினைப்பது நியாயந்தான்.

ஆனால் 2025 ஆகஸ்ட் 27-ந் தேதியை நாம் மறக்க முடியுமா? அன்றுதான் அமெரிக்க சர்க்கார் பல இந்தியச் சரக்குகள் மீது 50 சதவிகித சுங்கவரியை அமுலாக்கியது. திருப்பூருக்கு வரவேண்டிய ஆர்டர்கள் நின்றன. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து, இங்கே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வாரக் கூலியைத் தொட்டது. கடல் கடந்து நம்மீது விழுந்த அதே அடி, கனடா மக்கள் மீது பக்கத்து வீட்டிலிருந்தே விழுந்தது. அங்கே கட்சிகள் என்ன பேசின, தொழிலாளிகள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

சந்தை வாசலில் சுங்கம்

முதலில் சுங்கவரி என்றால் என்ன? வாரச் சந்தைக்குக் காய்கறி மூட்டை கொண்டு போகிறீர்கள். வாசலில் குத்தகைக்காரன் சுங்கம் கேட்கிறான். கொடுத்தால்தான் உள்ளே போகலாம். கொடுத்த காசு என்ன ஆகும்? ஒன்று, விலையில் ஏறி வாங்குபவர் தலையில் விழும். இல்லை, விலை ஏறாவிட்டால் விற்பவர் கையைக் கடிக்கும். இரண்டுக்கும் நடுவில் மூட்டை தூக்கியவரின் கூலி குறையும். நாட்டுக்கு நாடு நடப்பதும் இதுதான். வரியைத் துறைமுகத்தில் கட்டுபவர் சரக்கை இறக்குமதி செய்யும் வியாபாரி. கடைசியில் சுமப்பவர் யார் என்பது யாருக்குப் பலம் அதிகம், யாருக்குக் குறைவு என்பதைப் பொறுத்தது.

கனடாவின் ஜனத்தொகை சுமார் 4 கோடி. பக்கத்திலிருக்கும் அமெரிக்காவின் ஜனத்தொகை சுமார் 34 கோடி. 2025-ல் சண்டை துவங்கியபோது, கனடா வெளிநாட்டுக்கு விற்கிற சரக்கில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு அந்த ஒரே பக்கத்து வீட்டுக்குத்தான் போய்க் கொண்டிருந்தது. எண்ணெய், மரம், உருக்கு, அலுமினியம், மோட்டார் கார் எல்லாம் அதில் அடக்கம். ஒரே கடைக்காரருக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவரின் நிலைமை எப்படியோ, அப்படித்தான் கனடாவின் நிலைமையும். கடைக்காரர் முகம் சுளித்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

சட்டை மாற்றிய கட்சிகள்

இந்தத் தகராறு நேற்று முளைத்ததல்ல. 1854-ல் இரு தரப்பும் வரியில்லா வியாபார ஒப்பந்தம் செய்தன. 1866-ல் அமெரிக்கா அதை முறித்தது. 1879-ல் கனடாவின் கன்சர்வேடிவ் பிரதமர் மக்டொனால்ட், "தேசியக் கொள்கை" என்ற பெயரில் உயர்ந்த சுங்கச் சுவர் எழுப்பினார். அந்தச் சுவருக்குள் கிழக்குப் பகுதியில் ஆலைகள் வளர்ந்தன, முதலாளிகளும் வளர்ந்தார்கள். மேற்குச் சமவெளியில் கோதுமை விளைவித்த விவசாயி என்ன ஆனார்? தானியத்தை உலகச் சந்தை விலைக்கு விற்றார். அறுவடை யந்திரத்தையோ சுவருக்குள் இருந்த அதிக விலைக்கு வாங்கினார். 1910 டிசம்பரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் தலைநகர் ஒட்டாவாவுக்கே திரண்டு போய், "வரியைக் குறையுங்கள்" என்று முறையிட்டார்கள்.

லிபரல் பிரதமர் லாரியர் 1911-ல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் பேசி முடித்தார். தானியம், கால்நடை, மீன் போன்ற இயற்கை விளைபொருள்களுக்கு வரி நீங்கும் என்று ஏற்பாடு. உடனே ஆலை முதலாளிகளும் ரயில்வே, பாங்கி முதலாளிகளும் எதிர்த்துக் கிளம்பினார்கள். லாரியரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த டொரண்டோ பணக்காரர்கள் 18 பேர் பகிரங்கமாக விலகி நின்றார்கள். "நாடு பறிபோகிறது!" என்று பிரசாரம் செய்தார்கள். அதற்குத் தோதாக, சாம்ப் கிளார்க் என்ற அமெரிக்கத் தலைவர், வடதுருவம் வரை தங்கள் கொடி பறக்கும் நாளை எதிர்பார்ப்பதாகப் பேசிவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ல் நடந்த தேர்தலில் லாரியர் தோற்றார். கன்சர்வேடிவ் தலைவர் போர்டன் ஜெயித்தார். ஒப்பந்தம் செத்தது.

77 வருஷங்கள் கழித்து என்ன நடந்தது பாருங்கள்! 1988-ல் அதே கன்சர்வேடிவ் கட்சியின் பிரதமர் மல்ரோனி, அமெரிக்காவோடு சுதந்திர வியாபார ஒப்பந்தம் வேண்டும் என்று ஓட்டுக் கேட்டார். லிபரல் தலைவர் டர்னர், "நாட்டை விற்கிறீர்கள்" என்றார். லாரியரின் கட்சி எதிர்க்கிறது, போர்டனின் கட்சி ஆதரிக்கிறது. இருவரும் சட்டையை மாற்றிப் போட்டுக் கொண்டார்கள். தொழிற்சங்கங்களின் ஆதரவு பெற்ற புதிய ஜனநாயகக் கட்சியும் ஒப்பந்தத்தை எதிர்த்தது.

நவம்பர் 21-ல் ஓட்டெடுப்பு. மல்ரோனிக்குக் கிடைத்த ஓட்டு 43 சதவிகிதம். எதிர்த்த இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்து 52 சதவிகிதம். ஆனால் பார்லிமெண்டில் 295 ஸ்தானங்களில் 169 மல்ரோனிக்கே போயிற்று. எதிர்ப்பு ஓட்டு இரண்டாக உடைந்தது. ஒப்பந்தம் 1989 ஜனவரி 1-ல் அமுலுக்கு வந்தது.

1993 தேர்தலில் மக்கள் அந்தக் கட்சியை 2 ஸ்தானங்களுக்குத் தள்ளினார்கள். ஆட்சிக்கு வந்த லிபரல் கட்சியோ, மெக்சிகோவையும் சேர்த்துக் கொண்ட அடுத்த பெரிய ஒப்பந்தத்தை, திருத்திப் பேசுவோம் என்று சொல்லியிருந்தபோதிலும், 1994 ஜனவரி 1 முதல் அமுலாக்கிற்று. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது ஒரு பேச்சு, மந்திரி நாற்காலியில் ஏறினால் வேறு பேச்சு. நாம் இங்கே காணாத வித்தையா இது?

2025-ல் வீசிய காற்று

இனி சமீபத்துக் கதைக்கு வருவோம். 2025 துவக்கத்தில் கனடாவில் லிபரல் கட்சி ஓய்ந்து கிடந்தது. வீட்டு வாடகை, மளிகை விலை எல்லாவற்றாலும் ஜனங்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். கருத்துக் கணிப்புகளில் கன்சர்வேடிவ் தலைவர் பொய்லியேவ் 20 புள்ளிக்கும் மேல் முன்னணியில் இருந்தார். ஜனவரி 6-ல் பிரதமர் ட்ரூடோ விலகுவதாக அறிவித்தார்.

அந்த வேளையில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் வரிச் சாட்டையைக் கையிலெடுத்தார். கனடாவை அமெரிக்காவின் 51-வது மாநிலமாகச் சேர்ப்பது பற்றியும் பேசிக் கொண்டிருந்தார். மார்ச் 4-ல் கனடாச் சரக்குகள் மீது 25 சதவிகிதம், எரிசக்திப் பொருள்களுக்கு 10 சதவிகிதம் என்று வரி வந்தது. சில நாட்களில், மூன்று நாட்டு ஒப்பந்தத்துக்கு உட்பட்ட சரக்குகளுக்கு விலக்குத் தரப்பட்டது. மார்ச் 12-ல் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் 25 சதவிகிதம். ஏப்ரல் 3-ல் மோட்டார் கார்களுக்கு 25 சதவிகிதம். ஜூன் 4-ல் உருக்கு, அலுமினிய வரி 50 சதவிகிதமாக ஏறியது.

கனடா மக்களின் ரோசம் பொங்கியது. கடைகளில் அமெரிக்கச் சாமான்களை ஒதுக்கினார்கள். விளையாட்டு மைதானங்களில் அமெரிக்கக் கீதத்தின்போது கூச்சல் எழுந்தது. லிபரல் கட்சி புதிய தலைவரைக் கொண்டு வந்தது. அவர் மார்க் கார்னி. கனடாவின் மத்திய பாங்கிக்கும், பிறகு இங்கிலாந்தின் மத்திய பாங்கிக்கும் கவர்னராக இருந்தவர். அதுவரை ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. ஏப்ரல் 28 தேர்தலில் அவருடைய கட்சி 343 ஸ்தானங்களில் 169 பெற்று ஆட்சி அமைத்தது. பொய்லியேவ் தமது சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். புதிய ஜனநாயகக் கட்சி 7 ஸ்தானங்களுக்குச் சுருங்கியது. 1988-ல் அதே கட்சிக்கு 43 இருந்தன.

இதைக் கேலி செய்ய நாம் இங்கே வரவில்லை. பலசாலி பக்கத்து வீட்டுக்காரன் "உன் வீடும் என்னுடையது" என்றால் எந்த மானமுள்ள ஜனங்கள்தான் சும்மா இருப்பார்கள்? அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தின் நிழலில் மற்றக் கேள்விகள் எல்லாம் மறைந்து போயின. வாடகை என்ன ஆயிற்று? வேலை நிரந்தரம் என்ன ஆயிற்று? எதிர்வரியால் சர்க்காருக்கு வரும் வருமானம் வேலையிழந்தவனுக்குப் போகுமா? இவற்றைக் கேட்கிற குரல் பார்லிமெண்டில் ஏழு பேராகக் குறைந்தது.

தேர்தல் முடிந்த பிறகு? ஜூன் மாதக் கடைசியில், பெரிய அமெரிக்கக் கம்ப்யூட்டர் கம்பெனிகளிடம் வசூலிக்கவிருந்த டிஜிட்டல் சேவை வரியைக் கனடா கைவிட்டது. செப்டம்பர் 1 முதல் எதிர்வரிகளில் பெரும்பகுதியையும் விலக்கிக் கொண்டது. உருக்கு, அலுமினியம், கார் இவற்றின் மீதான எதிர்வரியை மட்டும் வைத்துக் கொண்டது. பேரம் பேசும்போது இறங்கி வருவது உண்டு. ஆனால் முதலில் இறக்கி வைத்தது கம்பெனிகளின் சுமையை என்பதைக் கவனியுங்கள்.

ஆற்றின் இரு கரைகள்

தோழர்களே, இப்போது ஒரு ஆற்றங்கரைக்குப் போவோம். டெட்ராய்ட் ஆறு. ஒரு கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம், மறுகரையில் கனடாவின் விண்ட்சர் நகரம். நடுவில் 1929-ல் திறந்த பாலம். இரு கரையிலும் கார்த் தொழிலாளிகள். 1965-ல் இரு நாடுகளும் செய்த மோட்டார் ஒப்பந்தத்துக்குப் பின் இரு கரையும் ஒரே பட்டறை போல ஆகிவிட்டது. ஒரு காரில் பூட்டப்படும் சில உறுப்புகள் முழு வண்டியாவதற்குள் எல்லையைப் பல தடவை கடந்துவிடும்.

ஒரு காலத்தில் இரு கரைக்கும் ஒரே யூனியன் இருந்தது. 1985-ல் கனடாப் பகுதித் தொழிலாளிகள் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தார்கள். கூலியை விட்டுக் கொடுப்பதில்லை என்ற பிரச்சினையில் வந்த பிரிவு அது. அதற்கு நாற்பது வருஷங்கள் கழித்து, 2025-ல் கார் வரி அறிவிக்கப்பட்டபோது, டெட்ராய்ட் பக்கத்து யூனியன் தலைமை அதை வரவேற்றது. விண்ட்சர் பக்கத்து யூனியன் எதிர்த்தது. டெட்ராய்ட் தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 1994-க்குப் பின் கம்பெனிகள் குறைந்த கூலி தேடி மெக்சிகோவுக்கு வேலையைக் கொண்டு போனதைக் கண்ணால் கண்டவர் அவர். மூடிய ஆலையின் கேட்டைத் தினமும் பார்க்கிறவருக்கு "வரி போட்டால் வேலை திரும்பி வரும்" என்ற பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

நடந்தது என்ன? வரி அமுலான அதே ஏப்ரல் 3-ல், ஒரு பெரிய கார் கம்பெனி விண்ட்சர் ஆலையை இரண்டு வாரம் நிறுத்துவதாக அறிவித்தது. பல ஆயிரம் பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். அதே கம்பெனி அதே நாளில், அந்த ஆலைகளுக்கு உறுப்புகள் செய்து அனுப்பும் அமெரிக்க ஆலைகளிலும் சுமார் 900 பேரைத் தற்காலிகமாக நிறுத்தியது. அவர்கள் மிச்சிகன், இந்தியானா மாநிலத்துத் தொழிலாளிகள். எந்தத் தொழிலாளியைக் காக்க வரி என்றார்களோ, அவரையே வரி முதல் நாளில் அடித்தது. நெசவு நின்றால் நூற்பும் நிற்கும் என்பது மில்லில் வேலை செய்யும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லையே!

ஆனால் இன்னொரு காட்சியும் உண்டு. உருக்குத் தொழிலாளர் யூனியன் இன்றும் இரு நாட்டுக்கும் ஒன்றே. அமெரிக்க உருக்கைக் காக்க வரி வேண்டும் என்று பல காலம் சொல்லி வந்த சங்கம் அது. அப்படியிருந்தும், கனடாவுக்கு விலக்குத் தரவேண்டும் என்று அமெரிக்க சர்க்காரிடம் அது கேட்டது. ஏன்? கனடா உருக்காலையில் நிற்பவரும் அதன் உறுப்பினர்தான். அவரும் அதே சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறார், அதே மாநாட்டில் கை தூக்குகிறார். ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்தவர்கள் ஒருவர் வயிற்றில் ஒருவர் அடிக்கத் தயங்குகிறார்கள்.

வரி விலகிவிட்டதா? இல்லை. ஜூனில் அது இரட்டிப்பாகவே ஆயிற்று. கேட்டவுடன் கிடைக்கும் காரியமல்ல இது. எனினும் ஒரு கரையின் தொழிலாளி மறுகரையின் தொழிலாளிக்காக வாய் திறந்தார் என்பது சின்ன விஷயமல்ல.

நாம் கேட்க வேண்டியவை

ஆக, கனடாவின் கதை நமக்குச் சொல்வது என்ன? வரி நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் விடை கிடைக்காது. 1879-ல் உயர்ந்த வரி விவசாயியை வாட்டியது. 1989-க்குப் பின் தாழ்ந்த வரியைக் காட்டிக் கம்பெனிகள் தொழிலாளியை மிரட்டின. 2025-ல் உயர்ந்த வரி ஆலையை நிறுத்தியது. ஏறினாலும் இறங்கினாலும் உழைப்பவர் தலையில்தான் விழும், அவர் கணக்கைக் கேட்கிறவர் இல்லாவிட்டால்.

வல்லரசு அடிக்கும்போது நாட்டின் மானத்துக்காக நிற்போம். அதே மூச்சில் மூன்று கேள்வி கேட்போம். வரி நஷ்டத்தில் முதலாளிக்குச் சலுகை கொடுத்தால், அதில் ஆட்குறைப்புக் கூடாது என்ற நிபந்தனை உண்டா? வேலை நின்ற நாட்களுக்குத் தொழிலாளிக்கு என்ன வழி? ஒப்பந்தம் பேசும் மேஜையில் பருத்தி விளைவிப்பவருக்கும் பஞ்சு நூற்பவருக்கும் நாற்காலி உண்டா?

கோயம்புத்தூர் மில்லில் நிற்பவருக்கும், டாக்காவில் சட்டை தைப்பவருக்கும், விண்ட்சரில் கார் பூட்டுபவருக்கும் பாஷை வேறு, கொடி வேறு. ஆனால் ஆலைச் சங்கு ஊதாத காலையில் வீட்டில் விழும் மௌனம் ஒன்றேதான். ஆற்றின் இரு கரையில் நிற்பவர்களும் பாலத்தின் நடுவில் சந்தித்துப் பேசாதவரை, பாலத்தின் சுங்கத்தை வேறு யாரோ வசூலித்துக் கொண்டுதான் இருப்பார்கள்.

நாளைக் காலை ஷிப்டில், வரப்பில், டீக்கடையில் இதைப் பேசுங்கள், தோழர்களே.