தாயும் தக்ளியும்



பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டிற் குடியேறும் குடும்பத்திலே புதிய மொழியை விரைவிற் கற்பவர்கள் குழந்தைகளே. தந்தை வேலைத்தலத்திலே சில சொற்களைப் பழகிக்கொள்கிறான். தாயோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறாள். வைத்தியரிடம் நோயைச் சொல்லவும், பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தை அறிந்துகொள்ளவும் அவளுக்குப் பிள்ளையின் துணை வேண்டியிருக்கிறது. வழிகாட்ட வேண்டியவள் வழி கேட்பவளாகிறாள். நாளடைவில், பெற்றவளைக் குறித்துப் பிள்ளை நாணும் நிலையும் வந்துவிடுகிறது. இத்தகைய தாய் மீண்டும் கல்வியை நாடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த ஓர் இல்லம் விடை காண முயன்றது.

1889ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்னும் பெண்மணிகள் இருவர் அந்நகரின் ஹால்ஸ்ரெட் வீதியிலிருந்த பழைய மாளிகையொன்றிற் குடிபுகுந்தனர். ஹல் இல்லம் என்பது அதன் பெயர். சுற்றுப்புறத்திலே இத்தாலியரும் கிரேக்கரும் ஜேர்மானியரும் ருஷிய, போலந்து யூதரும் நெருங்கி வாழ்ந்தனர்.

அங்கே அவர்கள் முதன்முதலிற் கண்ட அங்கவீனக் குழந்தைகள் மூவர். ஒரு பிள்ளை மூன்றாம் மாடி யன்னலிலிருந்து விழுந்தது, மற்றொன்று தீக்காயமுற்றது, மூன்றாவது பிள்ளையை நாள் முழுவதும் சமையலறை மேசைக் காலிலே கட்டிவைத்ததால் அதன் முதுகெலும்பு வளைந்துவிட்டது. தாய்மார் கொடியவரல்லர். பிழைப்புக்காக வேலைக்குச் சென்றபோது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அவ்வளவே. ஆகவே, இல்லத்தின் வரவேற்பறையிலே பாலர் வகுப்புத் தொடங்கிற்று. குழந்தை காப்பகமும் அமைந்தது. ஆங்கில வகுப்புகளும் மாலை வகுப்புகளும் உடன் வளர்ந்தன. பிள்ளையை ஏற்றுக்கொள்ளாத கல்விக்கூடம் தாய்க்கு எட்டாக் கனியே என்பதை இவ்வில்லத்தார் தொடக்கத்திலேயே உணர்ந்தனர்.

ஆயினும், மொழியைக் கற்பித்தல் மட்டும் போதுமா? ஒருநாள் அடம்ஸ் அம்மையார் வீதியிலே செல்லும்போது, முதிய இத்தாலியப் பெண்ணொருத்தி தக்ளியால் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். அவள் முகத்திலே ஊர் நினைவின் ஏக்கம் தெரிந்தது. இக்காட்சியிலிருந்து எழுந்ததே 1900ஆம் ஆண்டிலே தோன்றிய தொழில் அருங்காட்சியகம். அங்கே, குடியேறிய பெண்கள் தத்தம் நாட்டு முறைப்படி நூற்றும் நெய்தும் காட்டினர். அவ்விடத்திலே அவர்கள் மாணவிகளல்லர், ஆசிரியைகள்.

ஏஞ்சலினா என்னும் இத்தாலியச் சிறுமியைப் பற்றி அம்மையார் எழுதியுள்ளார். சமையல் வகுப்புக்கு வரும் அவள், தலையிலே துணி கட்டிய தன் தாயுடன் வருவதற்கு நாணி, வேறொரு வாயிலால் நுழைவாள். ஒருநாள், கல்வியியற் கல்லூரியிலிருந்து வந்தோர் குழுவொன்று தாயின் நூற்பைச் சூழ்ந்து நின்று வியப்பதைக் கண்டாள். அமெரிக்காவிலேயே தன் தாய்தான் மிகச் சிறந்த நூற்பாளியோ என்று கேட்டாள். அதன் பின்னர் அவளும் தாயும் ஒரே வாயிலால் வந்தனர்.

இதே அருங்காட்சியகத்தைக் காண 1900இல் வந்தவர்களுள் ஹில்டா சற் என்பவரும் ஒருவர். 1892இல் போலந்திலிருந்து குடியேறி, தந்தையை இழந்து, பள்ளியை விட்டுச் சிறு வயதிலேயே பின்னல் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். ஹல் இல்ல வகுப்புகளிற் பயின்று, 1904இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே ஒரு தவணை கற்றார். பின்பு அவ்வில்லத்திலேயே குடியேறியோருக்கு ஆங்கிலம் கற்பித்தார். பிற்காலத்தில் நான்கு பிள்ளைகளின் தாயாகி, கணவனையும் இழந்து, தம் வாழ்க்கையை எழுதிவைத்தார். அவர் 1967இல் மறைந்தார். அந்நூலைப் பதிப்பித்து 1989இல் வெளிவரச் செய்தவர் அவருடைய மகளே.

ஜேன் அடம்ஸ் 1931இல் நோபெல் சமாதானப் பரிசு பெற்று, 1935இல் மறைந்தார். மூல மாளிகை இன்று ஒரு நூதனசாலை. ஆயினும் அவர்கள் கண்ட வழி மறையவில்லை. கனடாவிலே 1992 முதல் நடைபெற்றுவரும் அரசாங்க ஆதரவு பெற்ற மொழி வகுப்புகள் பலவற்றிலே, குழந்தைகளைப் பராமரிக்கவும் இடமுண்டு. இங்கிருந்து சென்ற தமிழ்த் தாய்மாரும் அவ்வகுப்புகளிலே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குப் புதிய மொழி அவசியமே. ஆனால் அவர்கள் வெறுங்கையுடன் அங்கே செல்லவில்லை என்பதை ஆசிரியரும், பிள்ளைகளும் உணர்வார்களாயின், அவர்களுடைய கல்வி பாதி நிறைவெய்தியதாகவே கொள்ளலாம்.