சுவரேறி வென்ற சுலோவேனிய நங்கை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



முயற்சி என்னும் பொருள் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். முயற்சியைப் பற்றிப் பொதுவாகப் பேசுதல் எளிது. கேட்போர்க்கு அதனால் விளையும் பயனோ சொற்பம். ஆதலின் நம் காலத்து யுவதி ஒருவரின் வரலாற்றையே உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் பெயர் யன்யா கார்ன்பிரெட். பாறையேற்றப் போட்டியில் உலகம் கண்ட மாபெரும் வீராங்கனைகளுள் அவர் ஒருவர்.

அவர் பிறந்த நாடு சுலோவேனியா. அது நம் இலங்கையின் மூன்றில் ஒரு பங்கினும் குறைந்த பரப்புடையது. குடிமக்களோ ஏறக்குறைய 21 இலட்சம் பேரே. 1991ஆம் ஆண்டில் சுதந்திரம் பெற்ற அந்நாட்டின் கொடியில் திரிகிளாவ் என்னும் மலை பொறிக்கப்பட்டுள்ளது. மலையைக் கொடியில் வைத்துப் போற்றும் அந்த மக்களிடையே 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள் யன்யா பிறந்தார். சிறு பிராயத்திலேயே கண்ணிற்பட்டவற்றில் எல்லாம் ஏறும் குழந்தையாக அவர் இருந்தார். பெற்றோர் அவரை ஏறாதே என்று அதட்டி இருத்திவிடவில்லை. முறையாக ஏறக் கற்பிக்கும் இடத்துக்கு அனுப்பினர்.

இப்போட்டியின் தன்மையை அறியாதார் பொருட்டுச் சில சொல்லுதல் வேண்டும். போட்டி நடப்பது இயற்கை மலையில் அன்று. கைப்பிடிகள் பொருத்தப்பெற்ற செயற்கைச் சுவரிலேயே. அதில் மூவகை உண்டு. முதலாவது, கயிறு பூண்டு உயர்ந்த சுவரில் குறித்த நேரத்துள் இயன்றவரை மேலே செல்வது. இரண்டாவது, கயிறின்றித் தாழ்ந்த சுவரில் ஏறுவது. விழுந்தால் தாங்குவதற்குக் கீழே மெத்தை விரித்திருக்கும். மூன்றாவது, 15 மீற்றர் சுவரில் விரைந்தேறும் ஓட்டம். முதல் இரண்டிலும் பாதையை எவரும் முன்னரே பழக முடியாது. போட்டியாளர் யாவரும் ஓரிடத்தில் ஒதுக்கி வைக்கப்படுவர். சில நிமிடம் மட்டுமே சுவரைக் கண்ணாற் பார்க்கலாம். எங்கே கை வைப்பது, எங்கே கால் ஊன்றுவது, எங்கே மூச்சு வாங்குவது என்பதை மனத்தினாலே கணித்த பின்னரே ஏற வேண்டும். ஆகவே இது விரலின் விளையாட்டு மட்டுமன்று. அறிவின் விளையாட்டும் ஆகும்.

யன்யா 2015ஆம் ஆண்டில் உலகக் கிண்ணப் போட்டிகளுள் புகுந்தார். மறு ஆண்டே, 17 வயதில், பாரிஸ் நகரில் கயிற்றேற்றத்தில் உலக வாகை சூடினார். 2019ஆம் ஆண்டில் கயிறில்லா ஏற்றத்துக்குரிய உலகக் கிண்ணப் போட்டிகள் ஆறு நடைபெற்றன. ஆறிலும் அவரே முதலிடம் பெற்றார். ஆணோ பெண்ணோ அதற்கு முன் எவரும் அதனைச் செய்ததில்லை. அவ்வாண்டே யப்பானில் நடைபெற்ற உலக வாகைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை ஈட்டினார்.

ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன் முதலாக இடம்பெற்றது ரோக்கியோவில், 2021ஆம் ஆண்டில். அங்கே மூவகையும் ஒரே பதக்கத்துக்காகப் பிணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பெற்ற நிலையை எண்ணாக்கி ஒன்றோடொன்று பெருக்குவர். குறைந்த தொகை பெற்றவரே வென்றவர். விரைவேற்றம் யன்யாவுக்கு உரிய துறை அன்று. அதில் ஐந்தாம் இடமே கிடைத்தது. மற்றை இரண்டிலும் முதலிடம் பெற்றார். ஐந்தை ஒன்றாற் பெருக்கி மீண்டும் ஒன்றாற் பெருக்க, ஐந்து புள்ளி. இரண்டாம் இடம் பெற்ற யப்பானியரான மிஹோ நொனாக்காவின் தொகை 45. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் விரைவேற்றம் தனியே பிரிக்கப்பட்டது. அங்கே கையில் வலியோடு ஏறியும் 168.5 புள்ளி பெற்று மீண்டும் தங்கம் வென்றார்.

இயற்கைப் பாறையிலும் அவர் சளைத்தவர் அல்லர். 2021ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பானியாவின் ஒலியானா என்னும் இடத்தில், மிகக் கடினமென வகுக்கப்பட்ட ஒரு பாதையை, முன் பழக்கமோ பிறர் சொன்ன குறிப்போ இன்றி முதல் முயற்சியிலேயே ஏறி முடித்தார். அத்தரத்துப் பாதையை அவ்விதம் ஏறிய முதற் பெண் அவரே.

அன்பர்களே, இவை யாவும் பதக்கக் கணக்கு. இவற்றினும் பெரிதென நான் மதிப்பது ஒன்றுண்டு.

ஏறுபவரின் பாரத்தை விரல் நுனிகளும் தாங்க வேண்டும். உடல் மெலிந்தால் ஏறுவது எளிதாகும் என்ற எண்ணம் அதனாற் பிறக்கிறது. இதனை நம்பி உணவைக் குறைத்து உடலை வருத்துவோர் பலர். சில காலம் வெற்றி கிட்டுவது போலத் தோன்றும். பின்னர் எலும்பு நலியும், பெண்களுக்கு மாத ஒழுங்கு கெடும், மனமும் சோரும். 2023ஆம் ஆண்டில் சர்வதேச ஏற்றச் சம்மேளனத்தின் வைத்தியக் குழுவைச் சேர்ந்த இருவர், இதனைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லையெனப் பதவி துறந்தனர். அவ்வேளை யன்யாவும் வாய் திறந்தார். அடுத்த தலைமுறையை எலும்புக்கூடுகளாக வளர்க்கப் போகின்றோமா என்னும் பொருள்படப் பகிரங்கமாகக் கேட்டார்.

சிந்தித்துப் பாருங்கள். அவர் தோற்றுப்போய் முறையிட்டவர் அல்லர். இருந்த விதிகளின் கீழேயே எல்லாவற்றையும் வென்றவர். வாளாவிருந்தால் அவருக்கு யாதொரு நட்டமும் இல்லை. தாம் பெற்ற புகழைத் தம்மிலும் இளைய பெண்களின் நலத்துக்காகச் செலவிட்டார். 2024ஆம் ஆண்டில் சம்மேளனம் புதிய விதி வகுத்தது. போட்டியாளரின் தேக நலத்துக்கு அவரவர் நாட்டுச் சங்கம் சான்று தர வேண்டியதாயிற்று. வைத்தியர்களும் வீரர்களும் பலர் சேர்ந்து எழுப்பிய குரலின் பயன் அது. அக்குரல்களுள் யன்யாவின் குரலும் ஒன்று.

பெரியோர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. உங்கள் பெண்மக்கள் ஓடவும் ஏறவும் விரும்பினால், பெண்ணுக்கு இது தகாது என்று தடுத்துவிடாதீர்கள். நல்ல ஆசிரியரைத் தேடிக்கொடுங்கள். என் தோழர்களுக்கும் ஒன்று சொல்வேன். பரீட்சையாயினும் பந்தயமாயினும், உண்ணாமலும் உறங்காமலும் உடலைக் கெடுத்துப் பெறும் வெற்றி நிலைப்பதில்லை. வெற்றி பெற்றபின் நமக்குப் பின்னால் வருவோரின் குறையை எடுத்துச் சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும். அத்துணிவில்லாதவரின் பதக்கம் அவர் வீட்டு அலுமாரிக்கு மட்டுமே அழகு.