சைக்கிளுக்கு ஒரு மீட்டர்



அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் நமக்குப் புதிதல்ல. அதை அச்சமில்லாமல் ஓட்டிப்போகத்தான் சாலையில் இடம் இல்லை.

அதற்குப் புதிய சாலை வேண்டாம், நிலம் எடுக்கவும் வேண்டாம். நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் ஒரு பக்கத்தின் அகலம் பெரும்பாலும் 7 மீட்டர். அதில் தலா மூன்றரை மீட்டரில் இரண்டு தடங்கள் இருக்கும். ஊருக்குள் ஒரு தடத்துக்கு 3 மீட்டர் போதும். அப்படிக் கோடு போட்டால் இடது ஓரத்தில் ஒரு மீட்டர் மிஞ்சும். தடம் குறுகினால் வண்டிகளின் வேகமும் குறையும்.

இதைச் செய்ய ஏற்ற நேரம், சாலைக்குப் புதிதாகத் தார் போடும்போது. அப்போது எப்படியும் கோடு போடத்தான் போகிறார்கள். அதையே கொஞ்சம் தள்ளிப் போட்டால் கூடுதல் செலவு ஏது?

கோடு மட்டும் போதாது, ஓரமும் ஒழுங்காக இருக்க வேண்டும். தார்மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிடுகிறது; பக்கத்து மண் பள்ளமாகவே கிடக்கிறது. பேருந்துக்கு வழிவிட்டு ஒதுங்கும் பிள்ளை அங்கேதான் சறுக்கி விழுகிறது. அந்தப் பள்ளத்தைக் கிராவல் கொட்டி இறுக்கிச் சமப்படுத்தலாம். மழைநீர் வடிகால் மூடியில் கம்பிகள் சாலையின் போக்கிலேயே இருந்தால், இடுக்கில் சக்கரம் சிக்கும். குறுக்குக் கம்பி மூடியாக மாற்றினால் அந்த ஆபத்து நீங்கும். ஓரத்தில் சேரும் மணலை அள்ளுவதும், வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதும் அன்றாட வேலைகள்தாம்.

2020இல் கொரோனா பரவியபோது, கொலம்பியாவின் பொகோட்டா நகரம் இருந்த சாலைகளிலேயே பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்துப் பல கிலோமீட்டர் சைக்கிள் தடம் அமைத்தது. முதலில் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது, பயன்பட்டால் நிரந்தரமாக்குவது. நம் ஊர்களுக்கும் இந்த வழி பொருந்தும்.

நேயர்களே, உங்கள் ஊரில் பள்ளிக்குப் போகும் சாலை எது? அதில் அடுத்து எப்போது தார் போடப்போகிறார்கள்? கிராம சபையிலோ நகராட்சியிலோ நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திலோ கேளுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே, இடது ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு மீட்டர் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்த நாம், அவர்கள் பத்திரமாகப் போய்வர வழியும் கொடுக்க வேண்டும்.