ஸ்பேம்ல கிடந்த இன்டர்வியூ

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் ஆழ்வார்திருநகரி. திருநெல்வேலியில திருச்செந்தூர் ரயில் ஏறினா, ஸ்ரீவைகுண்டத்துக்கு அடுத்து இறங்கணும். வீட்டுக்குள்ள நுழைஞ்சா சித்தி பொண்ணு, என் தங்கச்சி, மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கா.

சென்னையில ஒரு கம்பெனிக்கு அப்ளை பண்ணியிருந்தா. ரெண்டு வாரமா தினமும் மெயில் பாத்திருக்கா. ஒண்ணும் வரல. “நமக்கெல்லாம் எங்கண்ணே கிடைக்கும்”னு சொன்னா. நான் போனை வாங்கி ஸ்பேம் ஃபோல்டரைத் திறந்தேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மெயில் அங்கதான் கிடந்துச்சு. வந்து 11 நாள் ஆச்சு. சொன்ன தேதி முடிஞ்சு 4 நாள். உடனே பதில் போட்டோம். ஆள் எடுத்துட்டோம்னு மரியாதையா எழுதியிருந்தாங்க.

அவ அழுதது வேலை போனதுக்கு மட்டும் இல்ல. தனக்குத் தகுதி இல்லன்னு 11 நாளா நம்பிட்டு இருந்திருக்கா. அதுக்குத்தான்.

சரி, அந்த மெயில் ஏன் அங்க போச்சு? ஸ்பேம் ஃபில்டருக்கு எதுவும் நிச்சயமாத் தெரியாது. அது வாய்ப்பைக் கணக்குப் போடுது. 2002-ல பால் கிரஹாம்ங்கிற புரோகிராமர் எழுதின ஒரு கட்டுரை இந்த முறையைப் பிரபலமாக்குச்சு: ஒரு வார்த்தை குப்பை மெயில்ல எத்தனை தடவை வருது, நல்ல மெயில்ல எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாரு, அதை வச்சு முடிவு பண்ணு. இப்ப அதோட அனுப்புறவரோட அடையாளத்தையும் பாக்குறாங்க. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க்னு மூணு சோதனை. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல ஜிமெயிலுக்கு அனுப்புறவங்க இந்த மூணையும் வச்சிருக்கணும்னு 2024 பிப்ரவரியில இருந்து கட்டாயம். கம்ப்யூட்டர்ல ‘ஷோ ஒரிஜினல்’ அமுக்கினா ரிசல்ட் தெரியும். தங்கச்சிக்கு வந்ததுல எஸ்பிஎஃப் ஃபெயில். மெயில் உண்மையானதுதான், அனுப்பின சர்வரோட பேர் அவங்க லிஸ்ட்ல இல்ல.

இங்கதான் ஒயிட்லிஸ்ட். “இவங்க எனக்குத் தெரிஞ்சவங்க, உள்ள விடு”ன்னு நாமளே சொல்லி வைக்கிறது. ஜிமெயில்ல இது கம்ப்யூட்டர்லதான் நடக்கும், போன் ஆப்ல முடியாது. செட்டிங்ஸ்ல ஃபில்டர்ஸ் பகுதிக்குப் போங்க. புது ஃபில்டர்ல ‘ஃப்ரம்’ கட்டத்துல அந்த முகவரியப் போடுங்க. அடுத்த பக்கத்துல ‘நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்’ டிக் பண்ணுங்க. அவ்வளவுதான். ஏற்கெனவே ஸ்பேம்ல கிடக்கிற நல்ல மெயிலுக்கு ‘நாட் ஸ்பேம்’ அமுக்குங்க.

முக்கியமான விஷயம், இதை மெயில் வர்றதுக்கு முன்னாடியே செய்யணும். “உங்க விண்ணப்பம் கிடைச்சுது”ன்னு முதல்ல ஒரு மெயில் வரும்ல? அன்னைக்கே அந்த டொமைனை ஃபில்டர்ல போட்டுருங்க.

ஆனா அளவோட. ‘@ஜிமெயில்.காம்’னு மொத்தமாத் திறந்து விட்டா ஊர்ல உள்ள திருட்டுப்பய எல்லாம் உள்ள வருவான். ஃப்ரம்ல வர்ற பேரைப் பொய்யாவும் போடலாம். அதனால இன்பாக்ஸ்ல வந்துருச்சேன்னு லிங்க்கைத் தட்டாதீங்க. சந்தேகம்னா கம்பெனி வெப்சைட்ல உள்ள நம்பருக்கு ஒரு போன் போடுங்க. எஸ்எம்எஸ்-லயும் இதே கதைதான்: 2024 அக்டோபர் 1-ல இருந்து, கம்பெனிகள் முன்கூட்டியே பதிவு பண்ணாத லிங்க் உள்ள மெசேஜை ட்ராய் தடுக்கச் சொல்லிருச்சு.

சாயங்காலம் எல்லாரும் கோயிலுக்குப் போனோம். நம்மாழ்வார் 16 வருஷம் வாய் திறக்காம உறங்காப்புளி அடியில இருந்தாரு, மதுரகவி வந்து கேட்ட கேள்விக்குத்தான் முதல்ல பதில் சொன்னாருன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. புளிய மரத்தப் பாத்துட்டே பெரியம்மா சொன்னா: “யாருக்குப் பதில் சொல்லணும்னு அவருக்குத் தெரிஞ்சுது. ஒன் போனுக்கு அது தெரியலயே, மக்கா.” அன்னைக்குத்தான் தங்கச்சி முதல் தடவை சிரிச்சா.

ராத்திரி அவ 6 கம்பெனி முகவரியை ஃபில்டர்ல போட்டு முடிச்சா. நீங்களும் இன்னைக்கு ஸ்பேமை ஒரு தடவை திறந்து பாருங்க. 30 நாள் ஆனா ஜிமெயில் அதைத் தானா அழிச்சிரும். அப்புறம் ஊருக்குப் போன் போட்டு, வேலை தேடுற தம்பி தங்கச்சி கிட்டயும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.