சிராங்கூனில் ஏன் குளிர்காலம் இல்லை?



தோட்டப் பள்ளிகளில் பாடம் சொல்லும் எங்களிடம் பிள்ளைகள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "புத்தகத்தில் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு காலங்கள் இருக்கின்றனவே! நமக்கு மட்டும் ஏன் வெயிலும் மழையும் தவிர வேறொன்றும் இல்லை?" என்பதே அக்கேள்வி. இதற்கு விடை தெரிந்தால், எந்த மாதத்தில் மழை நம் கூலியில் கைவைக்கும் என்பதும் ஓரளவு விளங்கிவிடும். தீபாவளிக்குச் சேலை வாங்கவும், தைப்பூசத்திற்குக் காவடி பார்க்கவும் நம்மில் பலர் போய்வந்த சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பூமி சூரியனை நெருங்கும்போது வெயில் காலம், விலகும்போது குளிர்காலம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஜனவரி மாதத் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டருக்கு விலகிவிடுகிறது. ஆனால் ஜனவரியில் இங்கிலாந்து குளிரில் நடுங்குகிறது. ஜூலையில் அங்கே கோடை.

அப்படியானால் காரணம் என்ன? பூமி நேராக நில்லாமல் ஏறத்தாழ 23.5 டிகிரி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. ஆகவே ஆறு மாதம் வடபாதியும், ஆறு மாதம் தென்பாதியும் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கை எடுத்து, தரைக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் சிறு வட்டமாக, பளிச்சென்று விழும். அதையே சாய்த்துப் பிடியுங்கள். வட்டம் நீண்டு, வெளிச்சம் மங்கிவிடும். விளக்கு ஒன்றுதான், விழும் கோணம்தான் வேறு. இங்கிலாந்துக்குக் குளிர்காலத்தில் கிடைப்பது இந்தச் சாய்ந்த வெளிச்சமே.

சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இங்கே எந்த மாதத்திலும் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சியிலிருந்தே விழுகிறது. பகலும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம். அதனால் மிக வெப்பமான மாதத்திற்கும் மிகக் குளிர்ந்த மாதத்திற்கும் சராசரியில் இரண்டு டிகிரி அளவே வேறுபாடு.

நமக்குப் பருவங்களைத் தருவது வெப்பமன்று, காற்று. நிலநடுக்கோட்டருகே சூடான காற்று ஈரத்தோடு மேலே எழுகிறது. உலைமூடியில் ஆவி பட்டு நீர்த்துளியாவதுபோல, உயரே குளிர்ந்து மழையாகிறது. எழுந்த காற்றின் இடத்தை நிரப்ப, வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் வடபாதியில் அக்காற்று வலப்புறமாகவும், தென்பாதியில் இடப்புறமாகவும் திரும்புகிறது.

டிசம்பரில் ஆசியப் பெருநிலம் குளிர்ந்துவிடுகிறது. அங்கிருந்து புறப்படும் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. இதுவே வடகிழக்குப் பருவக்காற்று. டிசம்பர், ஜனவரியில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் அடைமழை கொட்டுவது இதனால்தான். பிறகு இதே காற்று வறண்டுவிடும். தைப்பூசக் காவடிகள் பெருமாள் கோவிலிலிருந்து சிராங்கூன் சாலை வழியே புறப்படும் நாட்கள் பெரும்பாலும் இந்த மாற்றத்தை ஒட்டியே வருகின்றன. அடுத்து ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்பாதிக் காற்று நடுக்கோட்டைத் தாண்டி, வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. இரவில் சுமத்திராப் பக்கம் திரண்ட இடிமழை, விடியற்காலையில் நம்மை வந்து தாக்குவது இப்பருவத்தில் மிகுதி. அதற்குச் 'சுமத்திரா' என்றே பெயர். பால்வெட்டும் நேரத்தில் அது வந்துவிட்டால் மங்குகளில் மழைநீர் நிரம்பும். அன்றைய பாலும் போச்சு, கூலியும் போச்சு. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பரிலோ காற்று தளர்ந்திருக்கும்; பிற்பகலில் இடிமழை பெய்யும்.

மழை கூலியோடு நிற்பதில்லை. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், சிராங்கூனுக்குப் பக்கத்திலுள்ள பாயா லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் மழை பெய்தது. சிங்கப்பூரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 2,113 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ கால்பங்கு ஒரே நாளில் கொட்டியது! வெள்ளத்தில் உயிர்களும் போயின.

பூமியின் சாய்வு நம் வாழ்நாளில் மாறிவிடவில்லை. ஆனால் 1980இல் 26.9 டிகிரியாக இருந்த சிங்கப்பூரின் சராசரி வெப்பம், 2020இல் 28 டிகிரியாக உயர்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் சேரும் கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. நகரக் கட்டடங்களும் சூட்டைக் கூட்டுகின்றன. ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் தாங்கும். ஆகவே பெருமழை இன்னும் பெருமழையாகும்.

பெற்றோர்களே, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மழை பெய்த நாள், நேரம், காற்று வந்த திசை ஆகியவற்றை எழுதிவரச் சொல்லுங்கள். ஈராண்டு எழுதினால், வேலை நிற்கும் நாட்கள் எந்த மாதத்தில் கூடுகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டமானாலும் செம்பனைத் தோட்டமானாலும், அதற்கு முந்திய மாதங்களிலேயே நாலு காசு ஒதுக்கிவையுங்கள், வாய்க்காலைத் தூர்வாருங்கள். மழையை நாம் நிறுத்த முடியாது. அது வருமுன் ஆயத்தமாகலாம்.