கிருமிநீக்கமும் ஒளிச்சிதைவும்



கொவிட் பரவிய 2020ஆம் ஆண்டில் சாங்கி விமான நிலையம் மின்படிகளின் கைப்பிடிகளைப் புற ஊதா ஒளியால் கிருமிநீக்கம் செய்யத் தொடங்கியது. கைப்பேசியையும் சாவியையும் உள்ளிட்டு மூடும் சிறு விளக்குப் பெட்டிகள் வீடுகளுக்கும் வந்தன. நாமும் ஒன்று வாங்கினோம். அன்றாடம் புரட்டும் கையடக்க அகராதியை நாள்தோறும் அதில் வைத்தெடுத்தோம். சில திங்களில் அட்டையின் வண்ணம் வெளிறியது. உள்தாள்களையோ ஒளி எட்டவே இல்லை. ஒளி பட்ட பரப்பு மட்டுமே தூய்மையுறும்.

சொல்லாராய்ச்சியே நம் தொழிலாதலின், 'கிருமிநீக்கம்' என்ற சொல்லை அன்று நாம் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். இவ்வொளி கிருமியை அகற்றுவதில்லை. அதன் மரபணு மூலக்கூற்றைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்கிறது. மூலக்கூறு கிருமியுடையதா, பொருளுடையதா என்று ஒளி பார்ப்பதில்லை.

ஊதா நிறத்துக்கு அப்பாற்பட்டது புற ஊதா. இலங்கைப் பாடநூல்கள் கழியூதா என்னும். அதன் மூவகையுள் 'சி' வகையை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. சிராங்கூன் சாலைக் கடைகளின் வெயில்மறைப்புத் துணிகளை வெளிறச் செய்வதில் எஞ்சிய இருவகைக்கும் பங்குண்டு. விளக்குப் பெட்டியில் பெரிதும் பயன்படுவதோ 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'சி' வகை. அதன் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 470 கிலோஜூல். இரு கரிம அணுக்களை இணைக்கும் ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 350 போதும்.

ஆகவே அவ்வொளியை உறிஞ்சும் நெகிழிகள் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை அடைகின்றன, ரப்பரின் மேற்பரப்பு வெடிக்கிறது, சாயம் மங்குகிறது. துருப்பிடிக்கா எஃகும் கண்ணாடியும் பெரிதும் தாங்கும். ஒருமுறை பட்டதால் கேடு புலப்படாது. சிறுகச் சிறுகச் சேர்ந்தே அது வெளிப்படும்.

இங்குத்தான் நம் கவலை பிறக்கிறது. பழைய செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் மிகுதி. ஒளி பட்டால் அது மஞ்சளிக்கும். 1930களின் தமிழ் முரசு இதழோ, தாத்தா கையெழுத்திட்ட நூலோ உங்கள் வீட்டிலிருந்தால் விளக்கடியில் வைக்காதீர்கள். கொவிட் காலத்தில் பல நாட்டு நூலகங்கள் திரும்பிவந்த நூல்களைச் சில நாள் தனியே வைத்திருந்தன. காலமே அங்குப் பணியைச் செய்தது.

பொருள்கள் ஒளியால் சீர்குலைவதைத் தமிழில் 'ஒளிச்சிதைவு' என்கிறோம். ஆசிரியர்களே, கிருமிநீக்கத்தைக் கற்பிக்கும் நாளில் இச்சொல்லையும் உடன் கற்பியுங்கள். ஒன்றன் பயனைச் சொல்லும் சொல்லோடு அதன் விலையைச் சொல்லும் சொல்லையும் அறிந்த மாணவர், எதை விளக்கடியில் வைப்பது, எதை விலக்குவது என்று தாமே தெளிவர்.