சகோதரனின் வேலையும் நமது தேவையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. பிரியாணியின் மணமும் வந்துவிட்டது. இந்த நேரத்தில் பேச எழுபவரின் நிலைமை சற்றுச் சங்கடமானதுதான். ஆயினும், சென்ற ஆண்டில் நமது கமிட்டி விசாரித்த பிணக்குகளில் மூன்று நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அவை பாகப்பிரிவினைத் தகராறும் அல்ல, தலாக் விவகாரமும் அல்ல. மூன்றுமே வேலைத் தகராறுகள். "என் வேலையை அவன் பறித்துக்கொண்டான்" என்று ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள், ஓர் இடத்தில் மாமனும் மச்சானுமாகிய இருவர், ஸலாம் சொல்லிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள். வாசலைத் தாண்டியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆகவே, வேலை அருகிப்போகும் காலத்தில் போட்டியிடுவது பற்றியே இன்று பேசத் துணிந்தோம்.

மந்தம் என்பது நமக்குப் புதியதன்று. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்னும் நிதி நிறுவனம் திவாலானபோது, அந்தப் பெயரை நம் ஊரில் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஆனால் சில மாதங்களுக்குள் துபையிலிருந்து நம்மவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தின; கடனில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்கள் பாதியில் நின்றன. முதலில் கேம்ப் தொழிலாளிக்குக் கேன்சல் வந்தது. பிறகு அவருக்குச் சம்பளப் பட்டியல் எழுதிய கணக்கருக்கும், அவர் மளிகை வாங்கிய கடையின் ஊழியருக்கும் வந்தது. 2009 நவம்பரில் துபை வேர்ல்ட் நிறுவனம் தன் கடனைச் செலுத்தத் தவணை கேட்டது. டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துத் துபையைக் கைதூக்கிவிட்டது. செல்வச் செழிப்புள்ள நகரமே பக்கத்து வீட்டில் கடன் கேட்க நேர்ந்ததென்றால், 1,200 திர்ஹம் சம்பளக்காரரின் பாடு எப்படி இருந்திருக்கும்! அதன் பின்னர், 2014ஆம் ஆண்டின் நடுவில் 100 டாலருக்கு மேலிருந்த ஒரு பீப்பாய் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியபோது சவூதியில் பல மாதச் சம்பளம் கிடைக்காமல் நம்மவர்கள் தவித்தார்கள். 2020இல் கொரோனா வந்தது. ஒவ்வொரு முறையும் ஊருக்குத் திரும்பியவர்களை நாம் இதே பள்ளிவாசலின் முதல் வரிசையிலேயே கண்டோம்.

அமீரகத்தில் அந்நாளில் விசா ரத்தானால் நாட்டை விட்டு வெளியேற 30 நாட்கள் அவகாசம். 2022ஆம் ஆண்டின் மாற்றங்களுக்குப் பிறகு பலருக்கு இது நீண்டுள்ளது. அந்த 30 நாட்களுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். இல்லையேல் மகளின் திருமணமும் ஊரில் வாங்கிய கடனும் அந்தரத்தில் நிற்கும். அத்தகைய அவசரத்தில் மனிதன் என்ன செய்வான்?

அக்காலத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒருவர் ஓர் கிட்டங்கியில் 1,800 திர்ஹத்திற்கு ஸ்டோர் கீப்பராக இருந்தார். கேன்சல் ஆன மற்றொருவர் அவருடைய அறையிலேயே தங்கி, அவருடைய சட்டியிலேயே சோறு உண்டு, ஒரு நாள் மேனேஜரிடம் சென்று, "காக்கா பார்க்கிற வேலையை நான் 1,200க்குப் பார்க்கிறேன்" என்றார். வேலை கைமாறியது. நான்கு மாதம் கழித்து வேறொருவர் 1,000க்கு வந்தார். இரண்டாமவரும் வெளியேறினார். மந்தம் நீங்கி நல்ல காலம் திரும்பிய பின்னரும் அந்தக் கிட்டங்கியில் அந்த வேலைக்கு 1,800 திரும்பவில்லை. 1,000க்கு ஆள் கிடைக்கும் என்பதை முதலாளிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நம்மவர்களே அல்லவா! பறித்தவருக்கு நான்கு மாதச் சம்பளம் கிடைத்தது; முதலாளிக்கோ ஆண்டாண்டுக்கும் இலாபம் கிடைத்தது.

இதே கதை நம் முன்னோர் காலத்தில் இரத்தத்தால் எழுதப்பட்டது. நம்மில் பலருடைய பாட்டனார்கள் ரங்கூனுக்குச் சபுர் போனவர்கள். 1930இல் உலகப் பெருமந்தம் தொடங்கி நெல் விலை சரியத் தலைப்பட்ட காலத்தில், ரங்கூன் துறைமுகத்தில் சுமை தூக்கிய தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கப்பல் சரக்குக் கம்பெனிகள் உடனே பர்மியரை அழைத்து அந்த வேலையில் அமர்த்தின. பின்னர் இந்தியரோடு உடன்பாடு ஏற்பட்டதும், மே 26 அன்று காலையில் வேலைக்கு வந்த பர்மியர்களை "இனி நீங்கள் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பின. துறைமுகத்திலேயே கைகலப்பு மூண்டது. அது நகரம் முழுவதும் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். இவர்களும் ஏழைகள், அவர்களும் ஏழைகள். ஒருவரைக் காட்டி மற்றவரின் கூலியைக் குறைத்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஒருவர் தம் சகோதரர் பேசி முடித்த வியாபாரத்தில் குறுக்கிட்டுத் தாம் வியாபாரம் பேசுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி. உழைப்பைக் கூலிக்குக் கொடுக்கும் இஜாரா ஒப்பந்தத்தையும் ஃபிக்ஹு அறிஞர்கள் இதனோடு சேர்த்தே பேசியுள்ளனர். ஆகவே ஒருவர் வேலையில் இருக்கும்போது, "அவரை நீக்கிவிடுங்கள், நான் குறைந்த சம்பளத்திற்கு வருகிறேன்" என்று சொல்வது இந்தத் தடையின் கீழ் வருகிறது.

ஆனால் இதை எல்லாப் போட்டிக்கும் நீட்டிவிடக் கூடாது. அண்ணலாரிடம் ஓர் அன்ஸாரி உதவி கேட்டு வந்தபோது, அவர் வீட்டிலிருந்த ஒரு விரிப்பையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, கூடியிருந்தோர் நடுவே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். இதற்கு மேல் தருபவர் உண்டா என்று நபியவர்களே வினவினார்கள். மற்றொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கினார். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு. மற்றொன்று கோடரி வாங்க. அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்து திர்ஹம் ஈட்டி வந்தார் என அபூதாவூத் பதிவு செய்கிறது. இந்நிகழ்ச்சியை உழைப்பின் மேன்மைக்காக நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். ஆயினும் பேச்சு முடிவாகாத வரை ஒருவர் மற்றவரை விஞ்சிக் கேட்கலாம் என்னும் சட்டமும் இதில் அடங்கியிருக்கிறது. காலியான இடத்திற்கு நூறு பேர் விண்ணப்பிக்கலாம். தன் தகுதியை எடுத்துச் சொல்வதும் தற்பெருமை ஆகாது. பஞ்சம் வரவிருந்த எகிப்தில், களஞ்சியப் பொறுப்பை எனக்குத் தாருங்கள், காக்கவும் எனக்குத் தெரியும், விவரமும் அறிந்தவன் என்று யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம் தாமே கேட்டார்கள் அல்லவா? ஆனால் அவர்கள் சொன்னது உண்மை. நம் தம்பிமார்கள் சிலர் தயாரிக்கும் அனுபவச் சான்றைப் போன்றதன்று. கிரேனைத் தொட்டும் பார்த்திராதவர் ஐந்து வருடக் கிரேன் ஆப்பரேட்டர் என்று சான்று வாங்கிச் செல்வது, உண்மையிலேயே ஐந்து வருடம் ஓட்டியவரின் இடத்தைத் திருடுவதாகும். அவர் தூக்கும் பளுவின் கீழே நிற்பவரின் உயிருக்கும் அது ஆபத்தாகும்.

இந்த அளவுகோலால் நம் முன் வந்த மூன்று வழக்குகளையும் பார்த்தால், இரண்டில் மட்டுமே பறிப்பு இருக்கிறது. மூன்றாவதில், முதலாமவரை முதலாளி ஏற்கெனவே நீக்கிவிட்டார். அதன் பின்னரே இரண்டாமவர் விண்ணப்பித்தார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. ஓராண்டாக அவரை 'வயிற்றில் அடித்தவன்' என்று ஏசியவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். வேலை இழந்த வேதனை பெரிது. எனினும் வேதனை ஒருவருக்கு அவதூறு சொல்லும் உரிமையைத் தந்துவிடாது.

மற்ற இருவரில் ஒருவர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பிள்ளை பசியில் அழும்போது மஸ்அலா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பசித்தவன் வேலை தேடி அலையலாம், கடன் கேட்கலாம், பைத்துல்மாலிலிருந்து பெறலாம். இத்தனை வழிகள் இருக்கையில், பிறரின் சோற்றைத் தள்ளிவிட்டுத் தின்னத்தான் கூடாது என்கிறோம். ஆனால் அவர் வேலையிழந்திருந்த அந்த மூன்று மாதங்களில் நம் பைத்துல்மால் அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பியதா? சற்று முன் வாசிக்கப்பட்ட கணக்கில் மினாரா வெள்ளையடிப்புக்கும் ஒலிபெருக்கிக்கும் தொகை கண்டோம்; வேலையிழந்து திரும்பியவர் என்று ஒரு தலைப்பு அதில் இல்லை. இது நிர்வாகத்தைக் குறை கூறுவதற்கன்று. பசித்தவரின் வீட்டை விசாரிக்காத ஊர் அவருக்குச் சட்டம் மட்டும் ஓதிக்காட்டினால், கேட்கும் காதில் அது ஏறாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். ஒரு வேலைக்குப் பத்துப் பேர் அடித்துக்கொள்ளும் நிலையை உருவாக்குபவர்களில் 'ஃப்ரீ விசா' விற்பவர்களும் உண்டு. பெயர்தான் ஃப்ரீ, விலையோ இலட்சங்களில். அங்கே போய் இறங்கினால் வேலை இருக்காது. ஒரு கஃபீலின் பெயர் மட்டும் இருக்கும். ஆண்டுதோறும் அவருக்குக் கப்பம் கட்ட வேண்டும். கடன் சுமையோடு வந்தவர் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவார். அவரைக் காட்டி ஏற்கெனவே இருப்பவரின் கூலி குறைக்கப்படும். நம் நாட்டின 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றிச் செய்வது தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். பதிவெண்ணை ஈ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் 1978 முதல் இயங்கி வருகிறது. உறவினர் என்ற முகத்தாட்சண்யத்திற்காக நகையை அடகு வைத்துப் பணம் கொடுப்பதற்கு முன், நம் தாய்மார்கள் அந்தப் பதிவெண்ணைக் கேட்கப் பழக வேண்டும்.

அமீரகத்தில் இருப்பவர்கள் கவனிக்க: 2023 ஜனவரி முதல் அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவருக்கு மாதம் 5 திர்ஹம் கட்டணம். ஓராண்டு தொடர்ந்து கட்டியிருந்து, தாமாக விலகாமலும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகாமலும் வேலை இழந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, மூன்று மாதங்கள் வரை கிடைக்கும். ஒரு தேநீர், ஒரு சமோசா விலையில் இருப்பதை அலட்சியம் செய்து, பின்னர் அபராதமும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2009இல் இப்படி ஒன்று இருந்திருந்தால், அந்தக் கிட்டங்கிக்குப் போனவர் மூன்று மாதமாவது நிதானமாக வேலை தேடியிருப்பார்.

உள்ளூரிலேயே போட்டியிட விரும்பும் தம்பிமார்களுக்கு ஒரு சொல். 2024இல் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களோ 20 இலட்சத்திற்கும் மேல். கடுமையான போட்டிதான். ஆனால் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருந்தும், சாதிச் சான்றிதழ்கூட வாங்கி வைக்காத வீடுகள் நம் தெருக்களில் எத்தனை! வேலை கிடைக்க வேண்டுமென்று ஓதிப்பார்க்க நம் அறைக்கு வருபவர்களிடம், விண்ணப்பம் போட்டாயிற்றா என்று முதலில் கேட்பது நமது வழக்கம். பாதிப் பேர் சிரித்துவிட்டு, "இனிமேல்தான் ஹஜ்ரத்" என்பார்கள்.

நம் வேண்டுகோளின் பேரில் நிர்வாகம் இரண்டு காரியங்களுக்கு இசைந்துள்ளது. வேலையிழந்து திரும்பும் குடும்பத்திற்கு மூன்று மாதம் அரிசியும் மளிகையும் பைத்துல்மாலிலிருந்து வழங்கப்படும். கேட்பவர் பெயர் தலைவருக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். அடுத்ததாக, அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கப்படுகிறது. எங்கேனும் இடம் காலியாக இருப்பதை அறிந்தவர், தம் தம்பிக்கும் மருமகனுக்கும் மட்டும் காதோடு சொல்லாமல், சம்பளத்தோடு சேர்த்து அதில் எழுத வேண்டும். ஜும்ஆவுக்குப் பின் அது வாசிக்கப்படும். விண்ணப்பிப்பவர் அந்தச் சம்பளத்திற்குக் கீழே பேரம் பேசலாகாது என்பது நிபந்தனை. முதல் பக்கத்தில் இதுவரை மூன்று எழுதப்பட்டுள்ளன: திருச்சியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கர் ஒருவர், சென்னை மண்ணடியில் மொத்த வியாபாரக் கடைக்கு ஆட்கள் இருவர், ஷார்ஜாவில் அமீரக லைசென்ஸ் உள்ள ஓட்டுநர் ஒருவர். விவரம் வேண்டுவோர் அஸருக்குப் பின் அலுவலகத்தில் முஅத்தினாரைச் சந்திக்கலாம்.